கறைக்கு ஒரு காது

சனிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் லாண்டரியில் ஒரு கொலை நடந்தது. சாப்பாட்டு நேரம் என்பது அரை மணிதான். சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, கக்கூஸ் வரிசையில் நின்று திரும்புவதற்கே எங்களுக்கு அது போதாது. அதற்குள் ஒரு ஆள் கொலையும் செய்துவிட்டு, கையையும் கழுவிக்கொண்டு, மணி அடிக்கும்போது தன் இடத்துக்கு வந்து நின்றிருக்கிறது என்றால் அது வேலையில் கெட்டியான ஆளாகத்தான் இருக்க வேண்டும்.

செத்தவன் வேன் டிரைவர். எங்களுக்கு அவன் சென்ட்டு. ஹோட்டல் ஹோட்டலாகப் போய் அழுக்கு மூட்டைகளை அள்ளி வருகிறவன் மேல் பூ வாசம் அடித்தால் வேறு என்ன பெயர் வைப்பது? பேச்சும் அப்படியே மணக்கும். மூட்டை பிரிக்கிற கிழவரிடம்கூடக் கண்ணடித்துவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவான். அந்தக் கிழவர்தான் மூட்டைகளுக்குப் பின்னால் அவன் மண்டை பிளந்து கிடந்ததை முதலில் பார்த்தார்.

அடித்தது ரோலரை இறுக்குகிற ஸ்பானரால். முழங்கை நீளம் இருக்கும், நல்ல கனம். அது தொங்குவது என் தம்பியின் மெஷினுக்குப் பக்கத்து ஆணியில். தம்பி ரோலர் ஓட்டுகிறவன். ஈர விரிப்பை இந்தப் பக்கம் விட்டால் அந்தப் பக்கம் சுடச்சுடத் தகடாக வந்து விழும். அன்று காலையில்தான் ஐம்பது பேர் காதுபட அவன் சென்ட்டைப் பார்த்துக் கத்தியிருந்தான்.

"இன்னொரு தடவ அவள வேன்ல ஏத்துன, உன்ன ரோலர்ல விட்டு நாலா மடிச்சிடுவேன்!"

'அவள்' என்றால் பட்டன். கோட்டுகளுக்குப் பட்டன் தைக்கிற பெண். மூன்று மாதமாக அவளுக்காகத் தம்பி தலை வாரிக்கொண்டு வேலைக்கு வருகிறான். அதற்கு முன் வாரியதில்லை.

போலீஸுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? சாப்பாட்டு நேரத்தில் எங்கே இருந்தாய் என்று கேட்டால், "தூங்கிட்டிருந்தேன்" என்கிறான். சூடான விரிப்புகள் அடுக்கும் அலமாரிக்குள் புகுந்து படுப்பது அவன் வழக்கம். அதைப் பார்த்த சாட்சி யாருமில்லை. யாரும் பார்க்க முடியாத இடம் என்பதால்தானே அங்கே படுக்கிறான்! நானே அவன் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு கட்டடம் முழுக்க அவனைத் தேடி அலைந்து, கிடைக்காமல் திட்டிக்கொண்டே திரும்பினேன்.

"ஸ்பானரத் தொடச்சு பளபளன்னு மாட்டி வெச்சிருக்கான் சார்" என்றார் கான்ஸ்டபிள்.

"சார், அவன் நாலு வருஷமா இங்க வேல பாக்கறான். ஒரு நாளும் ஒரு ஸ்பானரத் தொடச்சதில்ல சார்" என்றேன்.

"அதனாலதாம்மா சந்தேகமே" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவனை ஜீப்பில் ஏற்றியபோது நான் அழுதுவிட்டேன். என்னோடு விரிப்பு மடிக்கிற ஜோடி நெட்டை பின்னாலிருந்து வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். "அழாதடி குட்டை. ரெண்டு அதட்டு அதட்டிட்டு விட்டுடுவாங்க."

விடவில்லை. திங்கட்கிழமை பதினொரு மணிக்குக் கோர்ட் என்றார்கள். அதற்குள் வேறு ஆள் கிடைக்காவிட்டால் தம்பி உள்ளேதான். அம்மா அப்பா போனபோது அவனுக்கு ஏழு வயது, எனக்குப் பதினாறு. பல் தேய்த்துவிட்டதிலிருந்து எல்லாம் நான்தான். ஒரு மக்கை வளர்த்தேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வேன். கொலைகாரனை வளர்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாற்றுச் சட்டையோடு ஸ்டேஷனுக்குப் போனேன். கம்பிக்குள்ளிருந்து அவன் கேட்ட முதல் கேள்வி: "அக்கா, பட்டன் என்னப் பத்தி ஏதாவது கேட்டாளா?"

"கேட்டா. இனிமே ரோலர யாரு ஓட்டுவாங்கன்னு கேட்டா."

இன்ஸ்பெக்டர் மேஜையில் ஒரு விரிப்பு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. உள்மடிப்பில் ரத்தம் காய்ந்து பழுப்பாகியிருந்தது.

"இதாலதான் தொடச்சிருக்கான். ஓட்டலுக்குப் போக வேன்ல ஏத்தி வெச்சிருந்த வெளுத்த துணி. தொடச்சுட்டு ஒரு அழுக்கு மூட்டைக்குள்ள சொருகியிருக்கான். ஏம்மா, துணி தொவைக்கிற எடத்துல கொலை பண்ணா போலீஸ்காரன் கதி என்னாவறது? இருநூறு மூட்டை! மோந்து பாத்தே எங்க ஆளு ஒருத்தன் லீவு போட்டுட்டான்." பிறகு பெருமையாக, "நாலா மடிப்பேன்னான். நாலாவே மடிச்சிருக்கான், பாத்தியா?" என்றார்.

"அவனுக்குப் போட்டிருக்கிற சட்டையையே மடிக்கத் தெரியாது சார்" என்று சொல்லிக்கொண்டே குனிந்து பார்த்தேன். அப்படியே நின்றுவிட்டேன். கீழ் இடது மூலையில் காது இருந்தது.

எங்கள் வேலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். லாண்டரியில் அழுக்குப் பக்கம், வெள்ளைப் பக்கம் என்று இரண்டு. அழுக்குப் பக்கத்தில் எவனும் எதையும் மடிக்கமாட்டான், சுருட்டி அடைப்பான். மடிப்பது வெள்ளைப் பக்கத்துப் பெண்கள் ஆறு பேர் மட்டும். மேஜைக்கு இருவராக மூன்று மேஜை. மடிக்கும்போது கறை போகாத விரிப்பு கையில் வந்தால் ஒரு மூலையை விரல் நீளத்துக்கு வெளியே திருப்பிவிடுவோம். அதுதான் காது. காது வைத்த விரிப்பு திரும்பச் சலவைத் தொட்டிக்குப் போகும், வேனுக்குப் போகாது. எந்த மேஜையில் வைத்தது என்று சூப்பர்வைசருக்குத் தெரிவதற்காக முதல் மேஜைக்கு மேல் வலது மூலை, இரண்டாவதற்கு மேல் இடது. மூன்றாவது மேஜைக்குக் கீழ் இடது.

ஒரு மனுஷனைக் கொன்று, ரத்தத்தைத் துடைத்து, அந்தத் துணியை மடித்து, 'கறை இருக்கிறது, திரும்ப வெளுக்கவும்' என்று காதும் வைத்துவிட்டுப் போயிருக்கிறது ஒரு கை. மூளைக்குத் தெரிந்திருக்காது. கை அதன் பாட்டுக்குச் செய்திருக்கும்.

மூன்றாவது மேஜையில் இரண்டு பேர். ஒருத்தி நான். நான் வைக்கவில்லை.

"என்னம்மா, பேயறஞ்ச மாதிரி நிக்கற?"

"ஒண்ணுமில்ல சார். நாளைக்கு வரேன்."

நெட்டைக்கும் எனக்கும் ஒன்பது வருஷம். அவள் தலை கதவு நிலையில் இடிக்கும். நான் அவள் விலா எலும்புக்கு வருவேன். எங்களை ஜோடி சேர்த்தது சூப்பர்வைசரின் கிண்டல். ஆனால் அவள் கொஞ்சம் குனிந்து, நான் கொஞ்சம் எம்பி, மூன்று மேஜைகளில் ரொம்பச் சுத்தமாக மடிக்கிற ஜோடியாக ஆகிவிட்டோம். ஒரு தடவை நீராவிக் குழாய் வெடித்து என் கால் வெந்தபோது, "கனக்கறடி, குட்டையா இருந்துகிட்டு என்னத்தடி தின்னற" என்று திட்டிக்கொண்டே ஆஸ்பத்திரி வரை முதுகில் சுமந்தவள் அவள். போலீஸிடம் சொல்வதற்கு முன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு மேஜையில் நின்றோம். விரிப்பு மடிப்பதில் பேச்சுக்கு ஒரு கணக்கு உண்டு. ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து இழுத்து, உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து கொடுப்போம். முகத்துக்கு முகம் வருகிற அந்த ஒரு விநாடியில் ஒரு பேச்சு. அப்புறம் பிரிந்துவிட வேண்டும்.

"தம்பி எப்படிடி இருக்கான்?"

"பதினோரு மணிக்குக் கோர்ட்டு."

பிரிந்தோம், உதறினோம், வந்தோம்.

"விட்டுடுவாங்கடி."

"ரத்தம் தொடச்ச விரிப்பு போலீஸ் மேஜைல இருக்கு. காது வெச்சிருக்கு. கீழ் இடது."

பின்னால் போய் இழுத்துப் பிடித்தாள். ஒன்பது வருஷத்தில் எங்களுக்கு நடுவில் விரிப்பு நடுங்கியதில்லை. அன்று நடுங்கியது. எந்தப் பக்கத்திலிருந்து என்று எனக்குத் தெரியாது.

"சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

அடுத்த முறை வந்தபோது அவள் முகம் வேறாக இருந்தது. "ஆறு வருஷம்டி. அந்த வேன்ல முன் சீட்டு என்னுது."

வீடு போகிற வழி என்றுதான் அவள் அந்த வேனில் ஏறுகிறாள் என நினைத்திருந்தேன். நான் மட்டுமில்லை, எல்லோருமே. அந்த சீட்டில் ஸ்பிரிங் குத்துகிறது என்று அவளே ஒரு திண்டு தைத்துப் போட்டிருந்தாள். நீலத்தில் வெள்ளைப் புள்ளி.

"சனிக்கிழம தண்ணி குடுக்கலாம்னு வேன்கிட்டப் போனேன். என் திண்டு அழுக்கு மூட்டையோட மூட்டையா பின்னாடி கெடக்கு. ஏன்டான்னா, 'பட்டனுக்கு அது ஒசரமா இருக்காம்'ங்கறான்."

"அதுக்காகவாடி?"

போய், இழுத்து, திரும்பி வந்தாள். "சிரிச்சுகிட்டே சொன்னான்டி."

"ஸ்பானர் எதுக்கு எடுத்த? என் தம்பிய மாட்டி விடவா?"

"ஐயோ இல்லடி. உள்ள வந்தேன், அது ஆணில தொங்குச்சு. வேல முடிஞ்சதும் தொடச்சு, எடுத்த எடத்துலயே மாட்டினேன். எடுத்தா எடுத்த எடத்துல வெக்கணும்ல?"

நெட்டை அப்படித்தான். அதை நான் நம்பினேன். ஆனாலும் கேட்டேன். "ரெண்டு நாளா அவன் உள்ள கெடக்கறான். ஏன்டி வாயத் தொறக்கல?"

அவள் அடுத்த விரிப்பை உதறினாள். முகத்துக்கு முகம் வந்தபோது, "பயம்டி" என்றாள்.

"வா. ரெண்டு பேரும் சேந்து போலாம். நான் கூட இருக்கேன்."

அவள் நிமிர்ந்தாள். என்னோடு மடிக்கும்போது அவள் முழுசாக நிமிர்ந்து நான் பார்த்ததே இல்லை. "மூணாவது டேபிள்ல நீயும்தானடி இருக்க? சாப்பாட்டு நேரத்துல கட்டடம் பூரா சுத்தினது நீ. எல்லாரும் பாத்தாங்க. போ, போய்ச் சொல்லு. ரெண்டு பேர்ல யாருன்னு அவங்க கண்டுபிடிக்கட்டும்."

என் பக்கத்து மூலைகளை மேஜையில் போட்டேன். பாதி மடித்த விரிப்பை விட்டுவிட்டு நான் போனது அதுதான் முதல் தடவை.

இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் கேட்டார். தலையைச் சொறிந்தார். "சரி. அப்ப ஒண்ணு அவ, இல்லன்னா நீ."

"நான் இல்ல சார்."

"அவளும் அதையேதானம்மா சொல்லுவா. உள்ள இருக்கறது உன் தம்பி. நீ அவனுக்காகப் பொய் சொல்ற அக்காவா, இல்ல அவனுக்காகக் கொலையே பண்ண அக்காவா? எனக்கு எப்படித் தெரியும்?"

மணி ஒன்பதரை. அந்த உறையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரங்கள் வெள்ளையாக இருந்தன. பால் வெள்ளை.

"சார், இதே அளவுல ஒரு விரிப்பு கெடைக்குமா? ஒத்தக் கட்டில் விரிப்பு."

கான்ஸ்டபிள் ஒருத்தரின் கட்டிலிலிருந்து உருவிக் கொண்டுவந்தார்கள். நடுக்கூடத்தில் நின்று, பிடிக்க ஆளில்லாமல் தனியாக மடிக்கிறவர்கள் செய்கிற மாதிரி நீளப் பக்கத்து இரண்டு மூலையையும் சேர்த்துப் பிடித்துக் கையை உயரத் தூக்கினேன். எவ்வளவு எம்பினாலும் அடி ஓரம் தரையில் கிடந்தது.

கம்பிக்குள்ளிருந்து தம்பி கத்தினான். "அக்கா, கைய இன்னும் தூக்குக்கா! தரைல பெரளுது!"

"வாய மூடுடா! தூக்க முடியாததுதான்டா உன்ன வெளிய கொண்டு வரப் போகுது!"

மடித்து முடித்து ஓரத்தைத் திருப்பிக் காட்டினேன். சிகரெட் சாம்பல், ஒரு குண்டூசி, பிஸ்கட் தூள், செத்த கரப்பான் ஒன்று. "ஸ்டேஷனக் கூட்டவே மாட்டீங்களா சார்?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். கான்ஸ்டபிள் கூரையைப் பார்த்தார்.

"மூட்டை பிரிக்கிற எடத்துல தரை எப்பவும் ஈரம் சார். கறுப்புச் சேறு. நீங்களே நின்னு பாத்தீங்க. அங்க நான் மடிச்சிருந்தா இந்த ஓரம் கரியாப் போயிருக்கும். இது தரையத் தொடல."

"மூட்டை மேல போட்டு மடிச்சிருந்தா?"

"மூட்டை உள்ளதான் காஞ்சிருக்கும் சார், வெளிப்பக்கம் ஈரத் தரைல உருண்டு கறுப்பா ஊறிக் கெடக்கும். விரிப்போட முதுகுல ஒரு சொட்டாவது இருக்குமே. தேடிப் பாருங்க."

உறையை வெளிச்சத்தில் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாலு ஓரமும் பார்த்தார். பிறகு என்னை உச்சியிலிருந்து பாதம் வரை பார்த்தார். அதற்கு அதிக நேரம் ஆகவில்லை. "அந்தப் பொண்ணு எவ்வளவு ஒசரம்?"

நாற்காலியில் ஏறி நின்று காட்டினேன். ஜீப்பை எடுக்கச் சொன்னார்.

நாங்கள் போனபோது நெட்டை மேஜையருகிலேயே நின்றுகொண்டிருந்தாள். நான் போட்டுவிட்டுப் போன விரிப்பு அப்படியே கிடந்தது. இன்ஸ்பெக்டர் உறையை மேஜை மேல் வைத்தார். அவள் காதைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் மடிச்சிருக்கேன்" என்றாள்.

ஏப்ரனைக் கழற்றினாள். இரண்டாக மடித்தாள், நாலாக மடித்தாள். கை தானாகக் கீழ் மூலைக்குப் போய் நின்றது. அப்புறம் அதை அப்படியே கசக்கி உருட்டி அழுக்குக் கூடையில் எறிந்தாள். ஒன்பது வருஷத்தில் அவள் ஒரு துணியைக் கசக்கி நான் பார்த்தது அன்றுதான். போகும்போது கதவு நிலைக்குக் குனிய மறந்து நெற்றியில் இடித்துக்கொண்டாள். நான் "பாத்துடி" என்றேன்.

தம்பி சாயங்காலம் வெளியே வந்தான். மறுநாள் தலை வாரிக்கொண்டு வந்து, பட்டன் பக்கம் நாலு தடவை நடந்தான். அவள் ஐந்தாவது தடவைதான் நிமிர்ந்து பார்த்தாள். சட்டையில் மேல் பட்டன் இல்லையே என்றாளாம். அதையே காதல் என்று எடுத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தான்.

புது ஆள் வரும்வரை என் மேஜைக்கு அவனை அனுப்பினார் சூப்பர்வைசர். கொலைப் பழியைத் தாங்கியவனுக்கு விரிப்பின் இரண்டு மூலையைப் பிடிக்கத் தெரியவில்லை. இழுக்கச் சொன்னால் நடந்தான்; நடக்கச் சொன்னால் இழுத்தான். ஒரு தடவை என்னையும் சேர்த்து மடிக்கப் பார்த்தான்.

"அக்கா, இதுல எண்ணெக் கறை இருக்கு."

"உன் கையிலேந்துதான்டா. காது வை."

"எந்த மூலைல?"

விரிப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டே நின்றேன். அந்த முனையில் அவன் காத்திருந்தான். பக்கத்து மேஜைகளில் நாலு பெண்களும் கையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

"கீழ் இடது" என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.