உங்களுக்கே, எடுத்துக்கோங்க

தவளை தன் வாயால் கெடும். நானும் அப்படித்தான் கெட்டேன், அதுவும் கண்காட்சிக்கு நான்கே நாள் இருக்கும்போது.

ஒரு வருடமாக நான் செய்தது ஒரே ஒரு வேலை. மேசையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து வைத்தேன். வீட்டுக்கு வருபவர்களில் தினம் ஒருவருக்கு மட்டும் தட்டில்லாமல் தேநீர் கொடுத்து, குவளையைத் துணியின் மேலேயே வைக்கச் சொன்னேன். விழுகிற கறை வட்டத்தின் கீழே பென்சிலால் தேதி போட்டேன். பெயர் போடவில்லை. யாருடைய வட்டம் என்று தெரிந்துவிட்டால் பார்ப்பவர்கள் கதை கேட்க ஆரம்பித்துவிடுவார்கள், எனக்கு அந்தத் தொல்லை வேண்டாம். 'யாருடையதும் அல்லாத வட்டங்கள்' என்று கண்காட்சிக் குறிப்பிலும் பெருமையாக எழுதிக் கொடுத்திருந்தேன்.

திங்கட்கிழமை மாடிவீட்டு அக்தஸ் அம்மா ஒரு கிண்ணம் ஆஷ் கஞ்சி கொண்டுவந்தார்; 'கானும்' என்றுதான் அவரை மரியாதையாகக் கூப்பிடுவேன். மேலே வறுத்த புதினா மணத்தது. கிண்ணத்தை என்னிடம் நீட்ட மறந்து, வேலை முடிந்து சுவரில் மாட்டியிருந்த துணியின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"எவ்ளோ அழகு, நஸ்தரன்."

"உங்களுக்கே, எடுத்துக்கோங்க."

தெஹ்ரானில் வேறென்ன சொல்வது? டாக்சிக்காரர்கூட இறங்கும்போது "காசு வேணாங்க" என்றுதான் சொல்வார். அதை நம்பி நடந்து பாருங்கள், தெருமுனை வரை துரத்தி வருவார்.

"ஐயோ, வேணாம் கண்ணு."

"அப்படிச் சொன்னா எப்படி? எடுத்துக்கோங்க."

"சேச்சே, உன் உழைப்பு."

அதோடு வாயை மூடியிருக்கலாம். என் அம்மா வளர்த்த வளர்ப்பு விடவில்லை. "என் மேல சத்தியம், நீங்க எடுத்துக்கணும்" என்றேன்.

"சரி கண்ணு. உன் கை வலிக்காம இருக்கட்டும்" என்று நன்றி சொல்லி, துணியைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு படியேறிவிட்டார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றேன்.

கலைக்கூடம் நடத்தும் பெஹ்ரங்கிடம் தொலைபேசியில் சொன்னதும் கத்தினான்.

"பதினோரு வருஷம் கழிச்சு ஒரு தனிக் கண்காட்சி. நடுச்சுவர் முழுக்க அதுக்குத்தான் காலியா வெச்சிருக்கேன். அங்க இப்ப என்னத்த மாட்ட, உன் மரியாதையையா?"

"போய்க் கேக்கிறேன்டா."

"கேளு. சும்மா உபசாரத்துக்குச் சொன்னேன்னு சொல்லு. அறுபது வருஷமா இந்த ஊர்ல இருக்கிற பொம்பளைக்கு அதுகூடவா தெரியாது?"

எனக்கும் அதே கோபம்தான். இரண்டு நாள் உள்ளுக்குள் பொருமிவிட்டு, புதன்கிழமை காலையில் ஒரு பெட்டி பிஸ்தா வாங்கிக்கொண்டு மேலே போனேன்.

துணி அவர் மேசையில் விரித்துக் கிடந்தது. அதன் மேல் தேநீர்க் குவளை. பென்சில் தேதிகளுக்கு நடுவே தேதியில்லாமல் இரண்டு புதிய வட்டங்கள், ஒன்று இன்னும் காயவில்லை.

"உக்காரு. நீ எதுக்கு வந்திருக்கேன்னு தெரியும்" என்றார். "அன்னிக்கு நீ மரியாதைக்குத்தான் சொன்னே. எனக்குத் தெரியாதா? தெரிஞ்சேதான் எடுத்துட்டு வந்தேன். இந்த வயசுல திருடிட்டேன், போ."

"ஏன் கானும்?"

புதிய வட்டங்களுக்குப் பக்கத்தில் விரலை வைத்தார். ஆபான் மாதம் 17. ஒரு பக்கம் வழிந்து, வாலோடு நிற்கும் வட்டம். துணியிலேயே நன்றாக அமைந்தது அதுதான் என்று பெஹ்ரங்கிடம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

"விளிம்பு வரைக்கும் ஊத்தச் சொல்லி, சிந்திட்டுத்தான் குடிப்பார். அன்னிக்கும் அப்படித்தான் உன் துணியக் கெடுத்துட்டு வந்துட்டேன்னு சொல்லிச் சிரிச்சார். மறுநாள் விடியறதுக்குள்ள போயிட்டார்."

அவர் கணவர் ஜலீல் ஆகாவைத்தான் சொன்னார். அடக்கத்துக்குப் போனவள் நான், ஓவென்று அழுதவளும் நான். கீழே வந்து, கண்ணைத் துடைத்த அதே கையால் ஆபான் 18 என்று எழுதியிருக்கிறேன், யாருடைய குவளைக்கோ. வெட்கமாக இருந்தது.

"காலையில இங்கதான் உக்காந்து குடிக்கிறேன். அவர் பக்கத்துல" என்றார். பிறகு குவளையை எடுத்து, ஈரத்தை முக்காட்டு நுனியால் ஒற்றினார். "எடுத்துட்டுப் போ கண்ணு. உனக்கு வெள்ளிக்கிழமை கண்காட்சி இருக்கு."

கண்காட்சி நடக்கிற ஒரு மாதத்துக்கு இரவல் கேட்கலாம் என்று தோன்றியது. அந்த ஒரு மாதம் இவர் யாரோடு குடிப்பார்?

"வேணாம். உங்களுக்கே."

"விளையாடாதே. உன் ஒரு வருஷம் இது. எடு" என்று துணியின் ஒரு முனையை மடித்தார்.

எனக்கு அது வேண்டும். அந்த நடுச்சுவர் வேண்டும், பதினோரு வருடத்துக்குப் பிறகு என் பெயர் போட்ட அழைப்பிதழோடு ஆட்கள் வந்து அதன் முன்னால் நிற்க வேண்டும். இன்னொரு முறை அவர் சொன்னால் கை நீட்டி வாங்கிவிடுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் எழுந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினேன்.