மகாராணிக்கு ஒரு கோட்டு

டெய்லருக்கு வாய் ஜாஸ்தி. யாருக்குத் தொப்பை விழுந்தது, யாருக்குத் தோள் சரிந்தது என்று அளவெடுக்கும்போதே சத்தமாகச் சொல்லிச் சிரிப்பார். அவரிடம் பேசி ஜெயித்தவர் எவருமில்லை, அவர் மனைவியைத் தவிர. அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு ஒல்லிப்பிச்சான் நாயிடம் மாட்டிக்கொண்டு முழித்தாரே, அதைத்தான் சொல்லப்போகிறேன்.

கைவிடப்பட்ட நாய்களை வைத்துப் பராமரிக்கும் காப்பகம் ஒன்றில் சன்னல்களுக்குத் திரை தைத்து மாட்டும் வேலை அவருக்குக் கிடைத்தது. ஏணியில் ஏறித் திரையை மாட்டிவிட்டு இறங்கினால், கீழே ஒரு நாய் அவருடைய செருப்பின்மேல் தலையை வைத்துப் படுத்திருந்தது. விலா எலும்புகளை எட்ட நின்றே எண்ணிவிடலாம். டெய்லர் செருப்பை உருவவும் இல்லை, நாய் எழுந்திருக்கவும் இல்லை.

"அவ சாப்பாட்டுல ரொம்ப பிகு பண்ணுவா," என்றார் காப்பகத்து டாக்டரம்மா. "உடம்புல ஒரு கோளாறும் கிடையாது, எல்லாம் பாத்தாச்சு. ரெண்டு வீட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வந்துட்டா. உங்களுக்கு ஆசையா இருந்தா கூட்டிட்டுப் போங்க. ஆனா அடுத்த மாசம் கொண்டுவந்து காட்டணும். எடை ஏறியிருந்தா உங்க நாய். இன்னும் இளைச்சிருந்தா நான் இங்கயே வச்சுக்குவேன். சும்மா சும்மா வீடு மாத்தி அவளை அலைக்கழிக்க முடியாது."

"ஒரு மாசம் எதுக்கு டாக்டரம்மா? பத்தே நாள்ல பீப்பாய் மாதிரி ஆக்கிக் காட்டுறேன்," என்றார் டெய்லர். சொன்னேனே, வாய் ஜாஸ்தி.

வீட்டின் முன்னறைதான் தையல் கடை. அங்கே ஒரு பக்கம் டெய்லர் ஆண்களுக்குச் சட்டையும் பேண்ட்டும் தைப்பார், இன்னொரு பக்கம் அவர் மனைவி பெண்களுக்கு பிளவுஸும் கவுனும் தைப்பார். மிஷினை நிறுத்திவிட்டு அந்த அம்மாள் நாயை ஏற இறங்கப் பார்த்தார்.

"திரையைக் குடுக்கப் போனீங்க. எலும்புக்கூட்டை வாங்கிட்டு வந்திருக்கீங்க."

கடையில் விற்கும் நாய்த்தீனியை வைத்தார்கள். நாய் அதை மூக்கால் தள்ளிவிட்டு, துணி வெட்டும் மேஜைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார்கள். வீட்டிலேயே சமைத்துக் கொடுக்கச் சொன்னார். எலும்பில்லாத கோழிக்கறி, குழைய வேகவைத்த சோறு, முட்டை, கேரட், பூசணி. உப்பு, காரம், வெங்காயம், பூண்டு எதுவும் வாசனைக்குக்கூடச் சேரக் கூடாது. வெதுவெதுப்பாக, கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி.

முதல் நாள் டெய்லரம்மா சமைத்தார். நாய் வந்து முகர்ந்து பார்த்தது, சமைத்தவர் முகத்தையும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தது, பிறகு மேஜைக்கு அடியில் போய்விட்டது.

"என் சமையலைக் குறை சொன்ன ஒரே ஆள் இத்தனை வருஷமா நீங்கதான். இப்ப ஜோடி சேர்ந்தாச்சு," என்றார் அந்த அம்மாள். "வாங்க மகாராணி, வேற என்ன சமைக்கட்டும்?" அன்றிலிருந்து அதற்கு மகாராணி என்பதே பெயராகிவிட்டது.

மறுநாள் டெய்லர் சமையலறைக்குள் நுழைந்தார். கல்யாணமான நாளிலிருந்து தண்ணீர் குடிக்க மட்டுமே அந்தப் பக்கம் போனவர். அடுப்பை எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். வேகவைத்த கறியைப் புதுக் கத்தரிக்கோலால் ஒரே அளவாக வெட்டினார். கேரட்டையும் அதே அளவுக்கு வெட்டி வரிசையாக அடுக்கினார்.

மனைவி வாசற்படியில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தார். "ரொம்ப நல்லா இருக்குங்க. காஜா எடுத்து பட்டன் வைக்கிறது மட்டும்தான் பாக்கி."

மகாராணி அதையும் தொடவில்லை. டெய்லருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. கிண்ணத்தோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ஏன்டி, இதுல என்ன விஷமா கலந்திருக்கு? இந்தா பாரு, நானே தின்னு காட்டுறேன்!" என்று ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டார். உப்பில்லாத பூசணி. ஐயோ பாவம், அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

மேஜைக்கு அடியிலிருந்து முதலில் ஒரு மூக்கு வந்தது. பிறகு முழு நாயும் வந்தது. அவர் வாயை முகர்ந்தது, கிண்ணத்தில் தலையை விட்டது, சாப்பிட்டது. டெய்லர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தார். நாய் பாதியில் நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தது. இன்னொரு வாய் அவர் சாப்பிட்டார், அதுவும் சாப்பிட்டது. அவர் நிறுத்தினால் அதுவும் நிறுத்தியது.

"அப்போ வேற வழியே இல்ல," என்றார் மனைவி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "இன்னொரு தட்டு எடுத்துட்டு வரவா?"

அப்புறம் என்ன, வேளாவேளைக்கு அந்த மனிதர் தரையில் உட்கார்ந்து நாயோடு உப்பில்லாச் சோறு சாப்பிட்டார். பேண்ட் வாங்க வந்த ஒரு வாடிக்கைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன டெய்லர், வீட்ல சண்டையா?" என்று இரக்கத்தோடு விசாரித்தார். டெய்லர் தன் பங்குக்கு மட்டும் உப்புப் போட்டுக்கொள்ளலாமே என்று டப்பாவை நோக்கிக் கையை நீட்டினால், மனைவி அந்தக் கையில் ஒன்று போட்டார். நாய் அவர் வாயையும் கையையும் நக்குகிறதே, உப்பு அதற்கல்லவா போகும்! முட்டை அவிக்கவும், சோற்றைக் கரண்டியால் மசிக்கவும், சூடு சரிதானா என்று புறங்கையில் வைத்துப் பார்க்கவும் டெய்லர் கற்றுக்கொண்டார். மிஷின் ஓடும்போது மகாராணி அவர் காலடியிலேயே கிடந்தது. அது நகரும்வரை அவர் எழுந்திருக்க மாட்டார். அந்த நாய் இல்லாத கடையை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மனைவிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதும் இல்லை.

வீட்டில் எடை மிஷின் கிடையாது. அளவு டேப் இருக்கும்போது அது எதற்கு? வந்த அன்றே டெய்லர் நாயின் மார்பைச் சுற்றி அளந்து, சாக்கட்டியால் மேஜைக் காலில் குறித்து வைத்திருந்தார். காப்பகத்துக்குப் போக வேண்டிய நாளுக்கு முன்தினம் அவர் கை முழுக்கச் சோறாக இருந்ததால் மனைவி டேப்பை எடுத்தார். அளந்து, மேஜைக் காலில் இருந்த குறியோடு வைத்துப் பார்த்தார்.

"என்ன? எவ்வளவு கூடியிருக்கு?"

"குறைஞ்சிருக்குங்க."

டெய்லர் முகத்தில் ஈயாடவில்லை. "இந்தத் தீனி தின்னுட்டா? உன் கண்ணுல கோளாறு."

"என் கண்ணுல ஒண்ணும் இல்ல. நாய்க்குப் போறதை நீங்க தின்னுட்டீங்களோ என்னவோ," என்றார் அந்த அம்மாள். வழக்கமான கிண்டல்தான், ஆனால் இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

அன்று முழுக்க டெய்லருக்கு ஊசியில் நூல் கோக்க வரவில்லை. ஒரு சட்டைக்குப் பையைத் தலைகீழாக வைத்துத் தைத்தார். கூட்டிக்கொண்டே போகாமல் இருந்தால் என்ன என்று யோசித்தார், டாக்டரம்மா கடைக்கே வந்துவிடுவார். எவ்வளவு யோசித்தும் தைப்பதைத் தவிர அவருக்கு வேறொன்றும் தெரியவில்லை. அதனால் தைத்தார்.

மறுநாள் காலையில் மகாராணி கட்டம் போட்ட கம்பளிக் கோட்டு அணிந்து வாசலில் நின்றது.

"நாய்க்கு எதுக்குங்க கோட்டு?"

"பெரிய இடத்துக்குப் போறா. நாலு பேர் பாக்க வேணாமா?" என்றார் டெய்லர், மனைவியின் முகத்தைப் பார்க்காமல்.

மனைவியும் கூடவே கிளம்பினார். காப்பகத்தில் டாக்டரம்மா நாயை எடைப் பலகையில் ஏற்றினார். கோட்டைக் கழற்றப் போனவரை, "வேணாம் டாக்டரம்மா, குளிர்ல நடுங்குவா. துணிதானே, அதுல என்ன எடை இருக்கப்போகுது?" என்று டெய்லர் தடுத்துவிட்டார். டாக்டரம்மா எண்ணைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், மறுபடி எண்ணைப் பார்த்தார். டெய்லர் மனதுக்குள் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டிருந்தார்.

"இது நல்லதுக்கில்லையே," என்றார் டாக்டரம்மா.

"என்னது?"

"ஒரு மாசத்துல இவ்வளவு ஏறவே கூடாது. வயித்துல நீர் கோத்திருக்கும்போல. இவளை இங்க விட்டுட்டுப் போங்க. படம் எடுத்துப் பாக்கணும், ஊசி போட வேண்டி வரலாம். எத்தனை நாள் ஆகும்னு இப்பச் சொல்ல முடியாது." உதவிக்கு நின்றவர் கயிற்றைக் கையில் எடுத்தார். மகாராணி நான்கு கால்களையும் பலகையில் ஊன்றிக்கொண்டு டெய்லரைப் பார்த்தது.

டெய்லர் சட்டைப் பையிலிருந்த சின்னக் கத்தரிக்கோலை எடுத்தார், மண்டி போட்டார், கோட்டின் அடி மடிப்பைப் பிரித்தார். இரும்புத் துண்டுகள் டங் டங்கென்று பலகையில் விழுந்தன. காற்றில் பறக்காமல் இருக்கத் திரையின் அடியில் வைத்துத் தைப்பார்களே, அதே துண்டுகள். எதைத் தைத்தாலும் கொஞ்சம் கூடுதலாகத் துணி விட்டுப் பழகிய கை அல்லவா, இதையும் கொஞ்சம் கூடுதலாகவே வைத்துவிட்டது.

"அடப்பாவி மனுஷா!" என்றார் மனைவி.

"இளைச்சுட்டா டாக்டரம்மா," என்றார் டெய்லர். தலை நிமிரவில்லை. "என்னால முடிஞ்ச மட்டும் பாத்தேன். அவ கூடவே உக்காந்து தின்னேன். அப்படியும் இளைச்சுட்டா. நீங்க வாங்கி வச்சுக்குவீங்கன்னு பயந்துட்டேன்."

டாக்டரம்மா கோட்டைக் கழற்றி எறிந்தார், துண்டுகளைக் கையால் வழித்துத் தள்ளினார், எண்ணைப் பார்த்தார். "யார் சொன்னது இளைச்சுட்டான்னு? ஏறியிருக்கா. எவ்வளவு ஏறணுமோ சரியா அவ்வளவு ஏறியிருக்கா."

"இருக்காது. நாங்க அளந்து பாத்தோம்."

"என்னங்க," என்றார் மனைவி மெதுவாக. "அன்னைக்கு நீங்க அளந்தப்போ டேப்புக்குள்ள ரெண்டு விரலை விட்டீங்களா?"

"விடாம? மூச்சு விட இடம் வேணாமா? சட்டைக்கு அப்படித்தானே அளப்பேன்."

"நான் பிளவுஸுக்கு அளக்கிற மாதிரி இறுக்கிப் பிடிச்சேனே!"

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே அறையில் ஆயுசு பூராவும் அளவெடுத்தவர்கள், ஒரு நாயை ஆளுக்கொரு விதமாக அளந்துவிட்டு அழாத குறையாக வந்து நிற்கிறார்கள். டாக்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். உதவியாள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சிரித்து முடித்ததும் டாக்டரம்மா கயிற்றை டெய்லர் கையில் கொடுத்தார். டெய்லர் அதை வாங்கத் தயங்கினார்.

"உங்களை ஏமாத்தியிருக்கேன். அதுக்கப்புறமும் எப்படி என்கிட்ட குடுக்கிறீங்க?"

"இவளைக் கூட்டிட்டுப் போன ரெண்டு வீட்டுக்காரங்களும் நல்லவங்கதான்," என்றார் டாக்டரம்மா. "பொய் சொல்லல, ஏமாத்தல. சாப்பிட மாட்டேங்குறா, எங்களுக்குச் சரிப்படாதுன்னு அவங்களாவே கொண்டுவந்து விட்டுட்டுப் போயிட்டாங்க. இவளைத் திருப்பிக் குடுக்காம இருக்கணும்னு திருட்டுத்தனம் பண்ணின ஆள் நீங்க ஒருத்தர்தான். பிடிங்க கயித்தை."

டெய்லர் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். மனைவி அவர் தோளைத் தொட்டு, "வாங்க, மகாராணிக்குப் பசிக்கும்," என்றார்.