ஆட்சேபணை

வள்ளி ஈரப் பஞ்சால் கணவரின் உதட்டைத் துடைத்தாள். அவள் கை டிவியை மறைத்தது. திருமூர்த்தி எரிச்சலோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டாக்டர்கள் கைவிட்ட பிறகு, அமெரிக்காவில் அவர்களுடைய பார்சிப்பனி வீட்டு ஹாலிலேயே கட்டில் போட்டிருந்தது. சில வருஷமாகவே அவர் கேசட் எடுத்துவந்து பார்ப்பதெல்லாம் ஜப்பானியப் படங்கள்தான், பழிவாங்கும் கதைகள். இந்தப் படத்தில், மகளைக் கொன்றவன் வேலை செய்யும் சலவைக்கடைக்கு ஒரு தகப்பன் தினமும் சட்டை கொண்டுபோகிறான். வந்தவன் யாரென்று தெரியாமல், கொன்றவன் அதைப் பதமாக மடித்துத் தருகிறான்.

"இதுல யாருங்க நல்லவன்?"

"தெரியல. அதுக்குத்தான் பாக்கறேன்." மூச்சு வாங்கியது அவருக்கு. "வியாழக்கிழமை பரோல் ஹியரிங். நீ போய் அப்ஜெக்ட் பண்ணணும். அவன் வெளிய வரக்கூடாது. போறேன்னு சொல்லு."

"போறேங்க."

அவன் என்றால் ஆட்ரியன். அவர்கள் மகன் அகிலனின் சிநேகிதன். வள்ளி கையால் எத்தனையோ நாள் சாப்பிட்டவன். ஒரு பார்ட்டியில் குடித்துவிட்டு அவன் ஓட்டிய காரில்தான் அகிலன் செத்துப்போனான். அன்றைக்கு அழைத்துப்போக வரச்சொல்லி அகிலன் போன் செய்தபோது, "ஆட்ரியனோட வந்துடு" என்று சொன்னவர் திருமூர்த்தி. அதைப்பற்றி அவரும் வள்ளியும் ஒருநாளும் பேசியதில்லை.

முந்தைய விசாரணைகளுக்கெல்லாம் அவர் கோட் போட்டுக்கொண்டு போய்ப் பேசினார். ஆட்ரியனைச் சிறையிலிருந்து விடவில்லை. திரும்பி வந்த அன்று மட்டும் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

படம் முடிவதற்குள் அவர் மூச்சு நின்றுபோனது. வள்ளி எழுந்துபோய் டிவியை அணைத்தாள்.

தகனம் முடிந்ததும் ஆபீஸ் நண்பர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அவளை வேறு யாரோ கூட்டிப்போவதாக எல்லோருமே நினைத்திருக்க வேண்டும். வெளியே வந்தபோது பார்க்கிங் லாட்டில் ஒரே ஒரு கார் மிச்சமிருந்தது. அதிலிருந்து இறங்கினாள் ஜோசபின், ஆட்ரியனின் அம்மா. உள்ளே வராமல் குளிரில் இவ்வளவு நேரம் வெளியிலேயே இருந்திருக்கிறாள்.

"வாங்கக்கா, நான் ட்ராப் பண்றேன்."

வழியெல்லாம் ஹீட்டர் சத்தம் மட்டும். ஒரு சிக்னலில் வள்ளி சொன்னாள்:

"போகும்போது அவர் என்கிட்ட ப்ராமிஸ் வாங்கிட்டாரு, ஜோசபின்."

"நான் அதுக்காக வரலக்கா."

"எனக்கு அவன்மேல இன்னும் கோபம் இருக்கான்னு தெரியல. இல்லன்னும் சொல்ல முடியல."

பச்சை விழுந்தும் கார் நகரவில்லை. பின்னால் யாரோ ஹார்ன் அடித்தார்கள்.

வீடு நெருங்கும்போது, "எப்படி இருக்கான்?" என்று கேட்டாள் வள்ளி. இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

"மெலிஞ்சுட்டான். முடியெல்லாம் கொட்டிடுச்சு, இந்த வயசுலயே."

இருட்டத் தொடங்கியிருந்தது. வள்ளி இறங்கி வாசலுக்குப் போனாள். அவள் கதவைத் திறந்து உள்ளே போகட்டுமென்று ஜோசபின் காரை நகர்த்தாமல், விளக்கைக் கதவின் மீது அடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

சாவி விரலில் தட்டுப்பட்டது. அதன் பிறகும் வள்ளி பைக்குள் துழாவிக்கொண்டே நின்றாள்.