ஆடாத கோடு

அலுவலகத்தில் அவளுக்கு உடும்பு என்று பெயர். ஒரு பிழையைப் பிடித்தால் அதன் கதையை முடிக்காமல் விடமாட்டாள் என்று யாரோ வைத்தது. அவளுக்கும் அதில் உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். ஆனால் இந்தப் பிழை மட்டும் பிடி கொடுக்காமல் பத்து நாளாக அவளுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது.

பிழை இருந்தது ஒரு மருத்துவமனையில், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்துக் காப்பாற்றும் வார்டில். அந்தப் பெட்டிகளுக்குப் போகும் மின்சாரம் ஏறினாலும் இறங்கினாலும் உடனே கத்த வேண்டியது அவள் எழுதிய மென்பொருளின் வேலை. அது என்னடாவென்றால், நினைத்த நேரத்தில் தானே மயங்கி விழுந்து கிடந்தது. யாராவது பார்த்து எழுப்பிவிட்டால்தான் உண்டு.

அதை அங்கே வாங்க வைத்தவள் அவளுடைய நாத்தனார், அந்த வார்டின் தலைமை நர்ஸ். வீட்டில் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். உப்புப் போட்டால் ஏன் போட்டாய், போடாவிட்டால் ஏன் போடவில்லை. அப்படிப்பட்டவள் பெரிய டாக்டரிடம், "எங்க அண்ணி எழுதினது, நான் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்திருந்தாள். அது விழ ஆரம்பித்ததிலிருந்து, தன் வேலை நேரம் முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல், மின்சாரத்தை அளக்கும் மீட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். இன்று சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் மென்பொருளைக் கழற்றிவிடுவதாகவும், தலைமைப் பொறுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவதாகவும் டாக்டர் சொல்லிவிட்டார்.

உடும்பின் மேலதிகாரிக்கு எதையும் சுலபமாக முடித்துவிட வேண்டும். "விழுந்தா தானா எழுந்துக்கற மாதிரி பண்ணி விட்டுடும்மா" என்றார்.

"எழுந்துக்கறதுக்குள்ள கரண்ட் போச்சுன்னா சார்?"

"கரெக்டா அப்பத்தானா போகும்?"

"அப்பத்தான் சார் போகும்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு போனார். அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நேரே மருத்துவமனைக்கு வந்துவிட்டாள்.

அலுவலகத்தில் எத்தனை நாள் ஓடவிட்டாலும் அது விழுந்ததே இல்லை. இங்கேதான் விழுந்தது. ஸ்விட்ச் அறையின் மூலையில் கால் நீட்டக்கூட இடமில்லாமல் உட்கார்ந்து, ஒவ்வொரு முறை விழுவதற்கு முன்பும் பதிவான அளவுகளை மறுபடி புரட்டினாள். இதுவரை அவள் தேடியதெல்லாம் கெட்ட நேரத்தை. மின்சாரம் எங்கே எகிறியது, எங்கே படுத்தது என்றுதான் பார்த்தாள். அப்படி எதுவுமே இல்லை. மேலிருந்து கீழ் வரை ஒரே எண்தான், திரும்பத் திரும்ப.

அவளுக்குச் சட்டென்று உறைத்தது. பத்து நாளுக்கு முன்னால்தான் இங்கே புதிதாக ஒரு பெரிய ஸ்டெபிலைசர் வைத்திருந்தார்கள். மின்சாரம் கொஞ்சம்கூட ஆடாமல் வந்தது. அவளுடைய மென்பொருளோ, ஒவ்வொரு அளவையும் வழக்கமான ஆட்டத்தால் வகுத்துப் பார்த்துத்தான் நல்லதா கெட்டதா என்று சொல்லும். ஆட்டம் பூஜ்யமானால்? பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னால் எந்தக் கம்ப்யூட்டரும் கையை விரித்துவிடும். அவர்கள் அலுவலக மின்சாரம் நாளெல்லாம் குதித்துக்கொண்டே இருப்பதால் இப்படியொரு நிலைமை வரும் என்றே யாருக்கும் தோன்றவில்லை. கெட்ட மின்சாரத்திலேயே வளர்ந்த பிள்ளை, நல்லதைக் கண்டதும் மூர்ச்சையாகிவிட்டது. தனியாக உட்கார்ந்து சிரித்தாள். தன் மேலேயே கோபமும் வந்தது.

திருத்தம் ஒரே வரி. ஆட்டமே இல்லையென்றால், எல்லாம் சரி என்று சொல். எழுதி ஓடவிட்டாள், அது விழாமல் நின்றது. நாத்தனாரைக் கூப்பிட்டுத் திரையில் ஓடும் கோட்டைக் காட்டினாள். அவள் முகம் மலரவில்லை.

"இந்தக் கோடு ஏன் அண்ணி அசையவே மாட்டேங்குது?"

"கரண்ட் அவ்வளவு சுத்தமா வருது."

"மீட்டர் செத்துப்போய், பழைய நம்பரையே காட்டிட்டிருந்தா? எங்க வார்டுல கோடு நேரா போனா யாரும் சந்தோஷப்பட மாட்டோம்."

பழக்க தோஷத்தில் ஒரு சுடுசொல் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, மீட்டருக்கு வரும் வயரைப் பிடுங்கினாள். மீட்டர் பழைய எண்ணிலேயே நின்றது. திரை பச்சை நிறத்தில் எல்லாம் சரி என்றது. அவள் வயரைத் திரும்ப மாட்டினாள்.

அந்த நேரம் பார்த்து மேலதிகாரி போன் செய்தார். "விழலையாமே, கெளம்பி வாயேன்."

"விழறது நின்னுடுச்சு சார். இப்போ பொய் சொல்ல ஆரம்பிச்சிருக்கு. அதையும் முடிச்சிட்டு வரேன்."

ஸ்டெபிலைசருக்கு முன்னால், தெருவிலிருந்து வரும் மின்சாரம் எப்போதும்போல ஆடிக்கொண்டுதான் இருந்தது. கோடு சிறிது நேரம் அசையாவிட்டால் மீட்டர் அந்தப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும். அங்கே ஆட்டம் தெரிந்தால் மீட்டருக்கு உயிர் இருக்கிறது. அங்கேயும் அதே எண் என்றால் கத்த வேண்டும். மருத்துவமனை எலக்ட்ரீஷியன் முணுமுணுத்துக்கொண்டே இன்னொரு வயர் இழுத்துக் கொடுத்தார். முதல் முயற்சியில் தெருவின் ஆட்டத்தை வார்டின் ஆட்டம் என்று நினைத்து மென்பொருள் அலறி ஊரைக் கூட்டியது. நர்ஸுகள் ஓடி வந்தார்கள். அவள் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். மதியச் சாப்பாட்டை அவளும் மறந்தாள், எலக்ட்ரீஷியனையும் மறக்க வைத்தாள்.

சாயங்காலம் டாக்டர் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாத்தனாரே போய் மீட்டரின் இரண்டு வயர்களையும் பிடுங்கினாள். சிறிது நேரத்தில் அலாரம் காதைக் கிழித்தது. திரும்ப மாட்டியதும் அடங்கியது. கோடு மறுபடி நேராகப் போனது, மென்பொருள் விழவில்லை.

"இன்னைக்கு ஓடுது சரி. நாளைக்கும் ஓடும்னு யார் சொல்றது?" என்றார் டாக்டர்.

"எங்க அண்ணிகிட்ட நான் ஆயிரம் குறை சொல்லுவேன் டாக்டர். இதுல எனக்கு ஒரு குறையும் கிடைக்கல." நாத்தனார் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "நான் வீட்டுக்குப் போய்த் தூங்கப் போறேன்."

டாக்டர் அவளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உடும்பைப் பற்றி அந்த வீட்டார் யாரும் இவ்வளவு நல்லதாகச் சொன்னதில்லை.

"நீ போ, நான் கொஞ்ச நேரம் உக்காந்து பாத்துட்டு வரேன்" என்றாள்.

நாத்தனார் குனிந்து, டாக்டர் காதில் விழாதபடி சொன்னாள்: "நீங்க காவல் உக்காந்தீங்கன்னா நான் சொன்னதை அவர் எப்படி நம்புவார்? எழுந்திரிங்க அண்ணி."

அவள் எழுந்தாள். கதவு வரைக்கும் திரும்பிப் பார்க்க வேண்டும்போலவே இருந்தது. நாத்தனார் அவள் கையை விடவில்லை.