ஒன்று கேட்டால் பதினேழு

ஏற்காட்டுப் பக்கம் தலைச்சோலை என்ற மலைக் கிராமத்து வெண்ணிலாவுக்கு இரண்டு பிடிவாதங்கள். எடுத்த காரியத்தை விடமாட்டாள். கேட்காத பொருளைக் கையில் திணித்தால் வாங்கமாட்டாள். முதல் பிடிவாதத்தால் அவளுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்தது. இரண்டாவதால் அந்த இடம் கையைவிட்டுப் போகப் பார்த்தது.

சாதிச் சான்றுக்கு ஆதாரமான குடும்பக் காகிதங்களை ஒரே கோப்பாகச் சேர்த்து, அன்று மாலை ஐந்து மணிக்குள் கல்லூரியின் இணையதளத்தில் ஏற்றியாக வேண்டும். கோப்பு இரண்டு எம்பிக்கு மேல் போகக்கூடாது. போனில் படம் பிடித்த முப்பத்தோரு பக்கமும் சேர்ந்து இருபத்துநாலு எம்பி இருந்தது. ஏற்காட்டில் பிரவுசிங் சென்டர் உண்டு. ஆனால் பராமரிப்பு வேலை என்று டவுன் முழுக்க அன்றைக்குப் பார்த்துக் கரண்டை நிறுத்தியிருந்தார்கள். மிச்சம் இருந்தது பள்ளிக்கூடத்தில் கொடுத்த பழைய லேப்டாப்தான். சேலத்தில் வேலை பார்க்கும் தோழி ஜோஸ்லின் அதற்கு லினக்ஸ் போட்டு உயிர் கொடுத்திருந்தாள்.

"கோஸ்ட்ஸ்கிரிப்ட்னு ஒரு டூல் இருக்கு புள்ள, கோப்பைச் சுருக்கிக் குடுத்துரும்," என்றாள் ஜோஸ்லின் போனில். "கறுப்புத் திரையைத் திறந்து நான் அனுப்பற வரியை அப்படியே அடி. இன்ஸ்டாலரே வேணுங்கறதைக் கொண்டாந்து வச்சிரும். நான் மீட்டிங்குக்குப் போறேன், அஞ்சரை ஆயிரும்."

ஊரில் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது பஸ் நிற்கும் வளைவில் மட்டும்தான். இரண்டு மணிக்கு வெண்ணிலா அங்கே போய்ப் பாறை மேல் உட்கார்ந்து, போனிலிருந்து லேப்டாப்புக்கு நெட் கொடுத்து, அந்த வரியை அடித்தாள். இன்ஸ்டாலர் ஒரு நீளப் பட்டியலை இறக்கியது. நீ கேட்டதோடு இன்னும் பதினேழு சாமான் வைக்க வேண்டும், சம்மதமா, இல்லையா என்று கேட்டது.

அவளுக்குச் சுருக்கென்றது. நல்லமுத்து கடையில் இதே கதைதான். சர்க்கரை கேட்டால் விற்காத சோப்பு இரண்டையும் சேர்த்துத் தலையில் கட்டுவார். ஊரே முனகிக்கொண்டு வாங்கிப் போகும். வெண்ணிலா மட்டும் சோப்பை எடுத்துக் கல்லாப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வருவாள். அதே கையால் இப்போது 'இல்லை' என்று அடித்தாள்.

பிறகு இணையத்தில் தேடி, அந்த ஒற்றைச் சாமானை மட்டும் இறக்கி, வேறு கட்டளையால் உள்ளே திணித்தாள். திரை ஏதேதோ புலம்பியது. அவள் படிக்கவில்லை. கோப்பைச் சுருக்கச் சொன்னால் டூல் அசையவில்லை. சரி, தொலையட்டும் என்று பழையபடி இன்ஸ்டாலரிடமே போனாள். அதுவும் முறுக்கிக்கொண்டது. மணி மூன்றரை. பேட்டரி முப்பத்தெட்டு சதவீதம்.

அந்த வழியாக ஸ்கூட்டரில் வந்த எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் செல்வமேரி வண்டியை நிறுத்தினாள்.

"ஏன் கண்ணு, மூஞ்சி ஏன் இப்படி இருக்குது?"

"அஞ்சு மணிக்குள்ள இதை அனுப்பலீன்னா சீட்டுப் போயிருமுங்க அக்கா. நானே இதைக் கெடுத்துப்போட்டனுங்க."

சொன்னபோது குரல் உடைந்தது. ஆனால் அழ நேரமில்லை. திரையில் இருந்த புலம்பலை மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். டூலுக்கு எழுத்தை வரைய ஒரு சாமான் வேண்டும். அதற்கு எழுத்துருக்கள் வேண்டும். படத்தைப் பிரிக்க இன்னொன்று. ஒன்று இல்லாவிட்டாலும் மற்றது நகராது. இது சர்க்கரையோடு கட்டும் சோப்பு இல்லை, அடுப்புக்கு விறகு என்று அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. அரைகுறையாக நிற்பதைச் சரிசெய்யும் கட்டளையையும் இன்ஸ்டாலரே கடைசி வரியில் எழுதி வைத்திருந்தது. அதை அடித்தாள். மறுபடி அதே பட்டியல், அதே கேள்வி. 'ஆம்' என்றாள்.

பதினொன்று இறங்கியதும் போனில் அன்றைய டேட்டா தீர்ந்தது.

"எம்போன்ல இருந்து எடுத்துக்க சாமி," என்று செல்வமேரி நீட்டினாள். எல்லாம் முதலிலிருந்து இறங்குமோ என்று பயந்துகொண்டே வெண்ணிலா கட்டளையைத் திரும்ப அடித்தாள். இறங்கியதை இன்ஸ்டாலர் பத்திரமாக வைத்திருந்தது. மிச்சத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்து முடித்தது. மணி நாலு இருபது.

ஜோஸ்லின் அனுப்பியிருந்த அடுத்த வரிக்கு டூல் இந்தத் தடவை பணிந்தது. இருபத்துநாலு எம்பி ஒரு எம்பிக்கும் கீழே வந்தது. வெண்ணிலா பக்கங்களைப் புரட்டினாள். நாலாம் பக்கத்தில் கை நின்றது. அது செத்துப்போன அவள் அப்பாவின் சாதிச் சான்று. மங்கிய மையில் கையால் எழுதியது. பெயர் இருந்த இடத்தில் இப்போது வெறும் கறை.

"மணி ஆவுது கண்ணு, அனுப்பிரு," என்றாள் செல்வமேரி.

"அப்பா பேரு தெரியலீங்க அக்கா. அது தெரியாம மத்த முப்பது பக்கம் இருந்து என்னங்க?"

கட்டளையில் ஒரு சொல்லை மாற்றினால் தெளிவு கூடும் என்று ஜோஸ்லின் எழுதியிருந்தாள். மாற்றினாள். இரண்டே முக்கால் எம்பி, ஆகாது. தெளிவை எண்ணாகவும் கொடுக்கலாம் என்று அதற்குக் கீழே இருந்தது. நூற்றிருபது கொடுத்தாள். ஒன்று புள்ளி ஒன்பது. நாலாம் பக்கத்தைத் திறந்தாள். சித்தன் என்று படிக்க முடிந்தது.

பேட்டரி ஏழில் இருக்கும்போது ஏற்றினாள். நாலு ஐம்பத்திரண்டுக்குத் தளம் ஒப்புகைச் சீட்டு கொடுத்தது. பெறப்பட்டது, சி. வெண்ணிலா.

பள்ளிக்கூடத்து நாளிலிருந்து எத்தனையோ படிவத்தில் எழுதிய இனிஷியல்தான். இன்றைக்கு அந்த ஒற்றை எழுத்தைப் பார்த்ததும் அடக்கி வைத்திருந்த அழுகை பொங்கி வந்துவிட்டது.

"அதான் போயிருச்சே, இப்ப எதுக்கு அழுவறே?" என்றாள் செல்வமேரி.

"எங்கப்பாவும் கூடப் போயிருக்காருங்க அக்கா," என்றாள் வெண்ணிலா.