அத்தான் இல்லாத கணக்கு

அக்கா முதன்முறையாகச் சின்னவளின் அலுவலகத்துக்கு வந்திருந்தாள். தரையில் வைத்தால் கறையாகிவிடுமோ என்று நனைந்த குடையை மடியிலேயே கிடத்திக்கொண்டு, பார்வையாளர் அறை சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் வரை ஈரம்.

"ஊரான் கம்பெனியெல்லாம் அலசி ஆராயற. எங்க கம்பெனிய ஒருதடவ பாத்துச் சொல்லு."

சின்னவளின் வேலையே அதுதான். முதலீட்டு நிறுவனம் ஒன்றில் மற்றக் கம்பெனிகளை எடைபோடுவது. வாடிக்கையாளர்கள் ஏன் வருகிறார்கள், வந்தவர்கள் ஏன் போகாமல் இருக்கிறார்கள், பணத்தை வாரி இறைக்கத் தயாராக ஒருவன் நாளைக்கே எதிரில் கடை விரித்தால் எதையெல்லாம் பறித்துக்கொள்வான், எதை அவனால் பறிக்கவே முடியாது என்று குடைந்து குடைந்து பார்ப்பாள். கம்பெனி என்ற கோட்டையின் உயரத்தைப் பற்றி யாராவது பெருமையாகப் பேச ஆரம்பித்தால், "அதெல்லாம் சரி, சுத்தி அகழி இருக்கா?" என்பாள். அலுவலகத்தில் 'அகழி' என்றே பெயர் விழுந்துவிட்டது. பூசி மெழுகத் தெரியாதவள் என்ற பேரும் கூடவே ஒட்டிக்கொண்டது. அவள் அறிக்கையைப் படித்துவிட்டு ஒரு பிஸ்கட் கம்பெனி முதலாளி, இந்தப் பெண்ணிடம் என் ஜாதகத்தை மட்டும் காட்டிவிடாதீர்கள் என்றாராம்.

அக்காவும் அத்தானும் நடத்தியது லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி. பழைய அடுக்குமாடிகள், இரண்டு ஆஸ்பத்திரிகள், ஒரு நூலகம், ஏழெட்டு மெக்கானிக்குகள். அவ்வளவுதான். இப்போது ஒரு பெரிய கம்பெனி நகரத்துக்குள் நுழைந்து, குறைந்த கட்டணம், பழுதாகும் முன்பே எச்சரிக்கும் கருவி என்று கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சின்னவளுக்கு இது தெரிந்ததுதான். அக்கா வந்தது அதற்காக மட்டுமல்ல.

"அத்தான் தொண்டையில இருக்கறது நல்ல கட்டி இல்லன்னு சொல்லிட்டாங்க. குரல்வளையையே எடுக்கணுமாம். அதுக்கப்புறம் பேச்சு வராது."

சின்னவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். குடைக்கம்பி சில்லென்றிருந்தது.

"தள்ளிப்போட்டா எடுக்க முடியாத இடத்துக்குப் பரவிடும்ங்கறார் டாக்டர். இவரானா, ஒப்பந்தமெல்லாம் புதுப்பிக்கற நேரம், முடிச்சிட்டு வந்து படுக்கறேன், நான் இல்லன்னா கம்பெனி நிக்காதுன்னு ஒத்தக்கால்ல நிக்கிறார். கடைசியில, நிக்கும்னு நீ பாத்துச் சொன்னா கேக்கறேன்னுட்டார். உன் வாயில பொய் வராதுன்னு அவருக்கு ஒரு நம்பிக்கை."

சின்னவள் லீவு போட்டுவிட்டு வேலையில் இறங்கினாள். எந்தக் கம்பெனிக்கும் செய்வதையே செய்தாள்: முதலில் வாடிக்கையாளர்களிடம் போனாள். ஒரு குடியிருப்பின் செயலாளர் அவளை உட்காரவைத்து, பெரிய கம்பெனி கொடுத்துவிட்டுப் போன பளபளப்பான புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார்.

"குறை சொல்ல முடியாதும்மா, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா பாருங்க, போன மழையில எங்க வீட்டம்மா லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டாங்க. கரன்ட் இல்ல, ஒரே இருட்டு. ஆளுங்க மேல வேலை செய்யறவரைக்கும் உங்க அத்தான் கதவுக்கு வெளிய நின்னு பேசிக்கிட்டே இருந்தார். தன் கல்யாணத்துல செருப்பு தொலைஞ்ச கதையாம். கதவத் தெறந்தா, இவங்க சிரிச்சிக்கிட்டு வர்றாங்க. அவர விட்டுட்டு எப்படிம்மா போறது?"

ஆஸ்பத்திரியின் நிர்வாகி அம்மாள் சுருக்கமாகச் சொன்னாள்: "போன எடுத்து அவர், 'சொல்லுங்க'ன்னு சொன்னா போதும், பாதி பதட்டம் போயிடும்." நூலகத்திலும் ஏறத்தாழ அதே பேச்சு. போன இடமெல்லாம் அந்தக் குரல் அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது.

மெக்கானிக்குகள் திறமைசாலிகள்தான், ஆனால் சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்தால் போய்விடுவார்கள். உதிரி பாகங்கள் யாருக்கும் கிடைக்கும். கட்டணமோ அதிகம். போட்டியாளன் பறிக்கக்கூடியதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தாள். கடைசியில் ஒரு மனிதரின் குரல்தான் மிஞ்சியது. வேறு கம்பெனியாக இருந்தால் ஒரே வரியில் எழுதி முடித்திருப்பாள். அத்தான் சொன்னதுதான் சரி. அவர் இல்லாவிட்டால் கம்பெனி நிற்காது.

அதை அவரிடம் போய்ச் சொன்னால் என்ன செய்வார் என்று அவளுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் அக்கா வீட்டுக்குப் போனாள். அத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டார். குரல் கரகரவென்று தேய்ந்திருந்தது.

"சொல்லும்மா. நம்மளச் சுத்தி அகழி இருக்கா?"

"இருக்கு அத்தான். ஆளுங்க நல்லா பழகினவங்க. ஒவ்வொரு கட்டடமும் அவங்களுக்கு அத்துப்படி. அந்தப் பெரிய கம்பெனிக்காரன் இதையெல்லாம் சேக்கறதுக்கு வருஷக்கணக்கா ஆகும்."

"நானு?"

"நீங்க ஆரம்பிச்சு வச்சீங்க. இப்ப அது தன் கால்ல நிக்குது."

 அவர், கேட்கக் கூச்சப்படுகிறவரைப் போல, "ஒருத்தர்கூட என்னைப் பத்திச் சொல்லலையா?" என்றார்.

இங்கே தயங்கினால் எல்லாம் போச்சு என்று அவளுக்குப் புரிந்தது. வாடிக்கையாளர்களின் முகங்களெல்லாம் கண்ணுக்குள் வந்து நின்றன. "நல்ல மனுஷன்னு சொன்னாங்க. அதுக்காக யாரும் ஒப்பந்தம் போடறதில்ல, அத்தான்."

சமையலறை வாசலில் கையைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா அப்படியே நின்றாள்.

அத்தான் தலையாட்டினார். மெல்லச் சிரிக்கவும் செய்தார். "நல்லதாப் போச்சு. நான்தான் என்னமோ பெருசா நெனச்சிட்டேன்."

அந்த வாரமே ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். ஆபரேஷன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது, ஆட்களைப் பார்த்துக்கொள் என்று அக்காவிடம் சொன்னார். சின்னவளைப் பார்த்துத் தலையை அசைத்ததோடு சரி. ஆகவே அந்தக் குரலில் அவளுக்கென்று கடைசியாகக் கிடைத்தது, 'பெருசா நெனச்சிட்டேன்' என்ற அந்த ஞாயிற்றுக்கிழமை வாக்கியம்தான். வண்டி ஓட்டும்போதும் பல் துலக்கும்போதும் அது காதில் விழுந்துகொண்டே இருந்தது.

அத்தான் பிழைத்துக்கொண்டார். கம்பெனி பிழைக்கவில்லை. முதலில் குடியிருப்புகள் கழன்றன, பிறகு ஆஸ்பத்திரிகள். போனை அக்கா எடுப்பாள், அந்தப் பக்கத்தில் "சார் இல்லீங்களா?" கையிலிருந்த மெக்கானிக்குகளில் பாதிப் பேர் எதிர்க் கம்பெனியின் நீலச் சட்டைக்கு மாறினார்கள். எந்த வரிசையில் எது போகும் என்று சின்னவள் மனதுக்குள் எழுதிவைத்திருந்தாளோ, அதே வரிசையில் எல்லாம் போயின. அவள் ஆராய்ந்த எந்தக் கம்பெனியிலும் கணிப்பு இவ்வளவு துல்லியமாகப் பலித்ததில்லை.

ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே அக்கா சொன்னாள்: "அவருக்குத் தெரிஞ்சுபோச்சு."

"எப்ப?"

"இப்பத்தானா, நீ சொன்ன அன்னிக்கேவான்னு தெரியல. கேக்க எனக்குத் தைரியம் இல்ல." குழாயை மூடினாள். "கம்பெனி போனாப் போகட்டும். காலையில கண்ணு முழிச்சா பக்கத்துல ஆள் இருக்கு." இன்னொரு தட்டைத் துடைத்து வைத்துவிட்டு, திரும்பாமலேயே சொன்னாள்: "ஆனா அன்னிக்கு அவர ஒண்ணுமில்லன்னு சொன்னத நீ கொஞ்சம் கம்மியாச் சொல்லியிருக்கலாம்."

சின்னவள் கிளம்பும்போது அத்தானும் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு உடன் வந்தார். அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் லிஃப்டும் போன மாதம் பெரிய கம்பெனிக்குப் போய்விட்டிருந்தது. உள்ளே ஏறியதும் கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. இருவர் மட்டும்.

"அத்தான், அன்னிக்கு நான் சொன்னது..."

அவர் திரும்பிப் பார்த்தார். உதடுகள் அசைந்தன. சின்னதாக ஏதோ, இரண்டு மூன்று சொற்கள் இருக்கும். அவளுக்குப் பிடிபடவில்லை.

"என்ன அத்தான்?"

ஒன்றுமில்லை என்பதுபோல் தலையை ஆட்டினார். பொத்தான்களுக்கு மேலே புதுக் கம்பெனியின் நீல ஸ்டிக்கர், அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண்ணோடு. யாரோ அவசரத்தில் ஒட்டியிருக்க வேண்டும், ஒரு மூலை பிரிந்து சுருண்டிருந்தது. அத்தான் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கட்டைவிரலால் அந்த மூலையை நீவி, உள்ளே சிக்கியிருந்த காற்றை ஓரத்துக்குத் தள்ளி, அது ஒட்டிக்கொள்ளும் வரை அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றார். தரைத்தளம் வந்து கதவு திறந்த பிறகும் விரலை எடுக்கவில்லை.