கம்பெனிக்காகக் காத்திருந்த வாசகசாலை

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு எரிக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு பழைய தங்கச் சுரங்கக் காலனியிலிருந்த ஸ்கெலட்டன் வாசகசாலைக்குப் போனான். ஆண்டர்சன்பேட்டையில் கட்டும் தன் வீட்டுக்காக அங்கிருந்து ஒரு தேக்கு ஜன்னலைப் போன வாரமே பெயர்த்தாயிற்று. இன்று அதன் ஜோடி. வாரமெல்லாம் பெங்களூரு வேலைக்குப் போய்வரும் ரயிலில் கழிகிற மனிதனுக்கு ஞாயிறு ஒன்றுதானே கிடைக்கிறது, திருடுவதற்கும்!

அது வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். முழக் கனத்துக்குக் கல்சுவர், அண்ணாந்து பார்க்க வைக்கும் கூரை. எத்தனை மழையைப் பார்த்துவிட்டு இன்னும் நிமிர்ந்து நிற்கிறது! கட்டிய கைகளைக் கும்பிடத் தோன்றும். ஆனால் சுரங்கக் காலனிக்காரர்களுக்கு ஒரு பழக்கம். பல்பு மாற்றுவதிலிருந்து சுண்ணாம்பு அடிப்பதுவரை சுரங்கக் கம்பெனி செய்தே பழகியவர்கள். சுரங்கம் மூடி இருபது வருஷம் தாண்டியும், ஓடு விழுந்தால் "கம்பெனி பாத்துக்கும்" என்பார்கள். கதவு வேண்டுமென்றால் "கம்பெனிதுதான" என்று கழற்றிக்கொள்வார்கள்.

உள்ளே தையல்காரி சுனிதா ஏணிமேல் நின்று, சுவரில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். மாலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அங்கேதான் வேலைத் தேர்வுக்குப் படிக்கிறார்கள். அவளுடைய மகளும் அவர்களில் ஒருத்தி. ஜன்னல் போன ஓட்டை வழியே மழை அடித்து, பெஞ்செல்லாம் ஊறிக் கிடந்தது.

"இன்னா சுனிதா, கம்பெனி உன்ன வேலைக்கி வச்சிக்கிச்சா?"

அவள் கடப்பாரையைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது.

"நாளைக்கி முனிசிபாலிட்டி இஞ்சினியர் வராருண்ணா. பாழுன்னு எழுதிட்டாருன்னா இடிச்சிருவாங்க. எம் பொண்ணு எங்க போயி படிப்பா? வூட்ல ஒரே ரூமு, அதுல மிஷினு ஓடினே இருக்கும். சாவு வூட்ல பொணத்த எடுத்தப்புறம் நாமதான வூட்ட கழுவறோம்? கம்பெனி செத்து எவ்ளோ வருஷமாச்சு! அதுவே வந்து கழுவட்டும்னு உக்காந்துனு இருக்கோம்."

எரிக்கை வெட்கம் பிடுங்கித் தின்றது. வீட்டுக்குப் போனவன், போன வாரம் பெயர்த்த ஜன்னலை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தான். இருட்டுவதற்குள் அதைப் பழைய இடத்திலேயே பொருத்திச் சிமெண்டு பூசிவிட்டான்.

மறுநாள் அவன் வேலைக்கு ரயில் ஏறாமல் வாசகசாலையிலேயே நின்றான். இஞ்சினியர் சுவரைத் தட்டிப் பார்த்தார். ஈரப் பூச்சைத் தொட்டுப் பார்த்தார்.

"கட்டடம் நல்லா ஸ்ட்ராங்கா இருக்கு. யார் பாத்துக்கறாங்க? கம்பெனியா?"

"நாங்கதான் சார்," என்றான் எரிக். "நேத்துலேர்ந்து. மழையில கெடல சார் இது, எங்க கையாலதான் கெட்டுச்சு. யாருதோன்னு வுட்டா எந்தக் கட்டடமும் நிக்காது. நம்மளுதுன்னு பாத்தாதான் நிக்கும்."